நாற்பத்தொரு குரல்கள், ஒரே அளவில்

பழைய ஃபெக்டரி மேல்மாடி,
ஆனைக்கல் தோட்டம்,
ஹல்துமுல்லை.
12.02.2024

கஜேந்திரன் அண்ணாவுக்கு,

நான் லதுஷா. மூன்றாம் லயத்து வரிசையில் உங்கள் வீட்டுக் காம்பராவுக்கு இரண்டு காம்பரா தள்ளி இருந்தோம். நீங்கள் ஊரை விட்டுப் போனபோது ஏ.எல். வகுப்பில் படித்துக்கொண்டிருந்தேன். இப்போது தோட்டத்து முன்பள்ளியில் டீச்சர். நீங்கள் வேலை செய்யும் ஸ்டூடியோவுக்கு இரண்டு முறை போன் எடுத்தேன். முதலாளி ஷிராஸ்தான் பேசினார். "தோட்டத்துலேருந்துன்னு சொன்னா அவன் போனுக்கு வரமாட்டான் தங்கச்சி. லெட்டர் போடுங்க, படிப்பான்" என்றார். அதனால் எழுதுகிறேன்.

போன நவம்பர் பதினேழாம் திகதி மலை சரிந்து இறங்கி மூன்றாம் லயம் மண்ணில் மூடிப்போனது உங்களுக்குத் தெரிந்திருக்கும். எல்லோரும் தேயிலைக் கொழுந்து பறிக்கப் போயிருந்த நேரம். பொன்னையா தாத்தா மட்டும் உள்ளே இருந்தார். இருபத்திரண்டு குடும்பம் மூன்று மாதமாக இந்தப் பழைய ஃபெக்டரியில் சாக்குத் தட்டி கட்டிக்கொண்டு கிடக்கிறோம்.

பதினான்காம் திகதியே வெளியேறச் சொன்னோம், சனங்கள்தான் கேட்கவில்லை என்கிறது நிர்வாகம். அப்படி யாரும் எங்களிடம் சொல்லவில்லை. அதற்கு முன்பே, மலையில் வெடிப்பு விழுந்திருக்கிறது என்று உங்கள் அம்மாதான் ஆபீசுக்குப் போய்ச் சொன்னார். "பயப்புடாம வேலைக்குப் போங்க" என்று திருப்பி அனுப்பினார்கள். இதை விசாரிக்கப் பதுளையில் ஒரு குழு வைத்திருக்கிறார்கள். நாங்கள் சொல்வது நிற்காவிட்டால் வீட்டுக்குக் காணி கிடையாது.

பதுளைக்கு வர முடியாதவர்கள் வாக்குமூலத்தைக் குரலில் பதிந்து தரலாம் என்றார்கள். என் போனில் நாற்பத்தொரு பேரைப் பதிந்து கொண்டுபோய்க் கொடுத்தேன். அங்கே கிளார்க்காக இருக்கும் யசோதினி அக்கா, யாழ்ப்பாணத்துக்காரர், நல்ல மனுஷி. கேட்டுப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "பிள்ளை, இதிலை அரைவாசி கேக்கவே ஏலாது. ஒராள் கத்துறார், மற்றாள் வாய்க்குள்ளை கதைக்கிறா. விசாரணையிலை ஸ்பீக்கரிலை போடேக்கை எல்லாம் ஒரே அளவிலை கேக்க வேணும். சரிபண்ணிக்கொண்டு வாங்கோ."

எனக்கு அது தெரியாது. உங்களுக்குத் தெரியும். பதிவுகள் உள்ள மெமரி கார்டை இத்துடன் அனுப்புகிறேன். பதிவுகளின் பெயர்களை மட்டும் மாற்றிவிடாதீர்கள். ஒவ்வொன்றின் இலக்கமும் குழுவுக்குக் கொடுத்த மனுவில் இருக்கிறது. பத்திரமாக வைத்திருங்கள். போனில் இடமில்லாமல் கார்டில் ஏற்றியதும் அழித்துவிட்டேன்.

பதினேழாவது பெரியம்மாவுடையது, உங்கள் அம்மாவுடையது. உங்களுக்கும் அவருக்கும் உள்ளது எனக்குத் தெரியும். அதற்காக இவ்வளவு பேரையும் தள்ளிவிடாதீர்கள்.

லதுஷா

*

மொனராகலை
19.02.2024

லதுஷாவுக்கு,

கார்டு கிடைத்தது. வேலை முடிந்தது. திருப்பி அனுப்பியிருக்கிறேன்.

இது பெரிய வேலை இல்லை. எல்லாத் துண்டையும் ஒன்றாகத் தெரிவுசெய்து ஒரு பொத்தானை அழுத்தினால் மென்பொருளே ஒவ்வொன்றிலும் மிக உயர்ந்த சத்தம் எதுவென்று பார்த்து, அதை ஒரே உயரத்துக்குக் கொண்டுவரும். நார்மலைஸ் என்போம். கல்யாண வீடியோவில் ஐயர் ஓதுவதும் நாதஸ்வரமும் மாமன்மார் பேசுவதும் ஒரே மாதிரிக் கேட்பது இப்படித்தான். நாலு நிமிஷம் எடுத்தது.

நீ சொன்னபடி அதே பெயரில் சேமித்திருக்கிறேன்.

நான் செய்தேன் என்று அங்கே யாருக்கும் சொல்ல வேண்டாம். முக்கியமாக அவருக்கு.

கஜேந்திரன்

*

ஆனைக்கல்
27.02.2024

கஜேந்திரன் அண்ணாவுக்கு,

நன்றி சொல்லத்தான் உட்கார்ந்தேன். ஆனால் ஆறு துண்டு இன்னும் முன்பு மாதிரியே கிடக்கிறது. பதினேழு எல்லாவற்றையும் விட மோசம். ஃபெக்டரிக் கதவு டமாரென்று அடிப்பது நன்றாகக் கேட்கிறது, பெரியம்மா பேசுவது கேட்கவில்லை. யசோதினி அக்கா திருப்பித் தந்துவிட்டார். "இதுதான் பிள்ளை முக்கியமான சாட்சி. இது கேக்காட்டி மற்றதுகள் இருந்தும் என்ன?" என்றார்.

நாலு நிமிஷத்தில் முடித்தேன் என்று நீங்கள் எழுதியதைப் படித்தபோது எனக்குக் கோபம் வந்தது. அதை மறைக்க விரும்பவில்லை. ஒவ்வொருவரையும் பேசவைக்க எனக்கு எத்தனை நாள் போனது தெரியுமா? பெரியம்மா மெதுவாகப் பேசியதற்கும் காரணம் இருந்தது. சாக்குத் தட்டிக்கு அந்தப் பக்கம், வேலை மேற்பார்க்கும் கங்காணியின் பெண்சாதி உட்கார்ந்திருந்தார். வாயருகில் போனை வைத்தால் பெரியம்மா கையால் தள்ளிவிடுகிறார், "இதென்னாடி, முத்தம் குடுக்கிற மாதிரி" என்று.

அவருக்கு இப்போது அடிக்கடி தலை சுற்றுகிறது. இன்னொரு தரம் பதியலாமா என்று கேட்டேன். "சொன்னத எத்தன தரம்டி சொல்றது? தொரகிட்ட ஒருக்கா, ஒங்கிட்ட ஒருக்கா. போதும்" என்று படுத்துவிட்டார்.

கார்டு மறுபடி வருகிறது.

லதுஷா

*

மொனராகலை
06.03.2024

லதுஷாவுக்கு,

பிழை என்னுடையது. மென்பொருளுக்கு எது பேச்சு, எது கதவு என்று தெரியாது. கதவு அடித்த சத்தத்தையே உச்சம் என்று எடுத்துக்கொண்டது. கதவு ஏற்கனவே உயரத்தில் இருந்ததால் பேச்சை அப்படியே கீழே விட்டுவிட்டது. இப்போது வேறு முறையில் செய்திருக்கிறேன். உச்சத்தைப் பார்க்காமல், துண்டு முழுவதும் காதுக்குச் சராசரியாக எவ்வளவு கேட்கிறது என்று கணக்கிட்டு உயர்த்துவது. திடீர்ச் சத்தங்களை அது அமுக்கிவிடும். நாற்பத்தொன்றையும் மறுபடி ஒன்றாகவே போட்டேன். பதினேழின் அலை இப்போது திரையில் மற்றவை மாதிரியே தடிப்பாக நிற்கிறது. அதே பெயர், அதே இடம்.

நீ கோபத்தை மறைக்கவில்லை. நானும் ஒன்று சொல்கிறேன். நாலு வருஷத்துக்கு முன், அப்பா பதுளை ஆஸ்பத்திரியில் கிடந்த அன்றும் இறந்த மறுநாளும் நான் பிபிலையில் ஒரு கல்யாணத்தில் ஒலிப்பதிவில் இருந்தேன். காதில் ஹெட்போன், போன் அணைத்திருந்தது. திறந்து பார்க்கும்போது பதினொரு அழைப்பு. இரண்டு பஸ் மாறி வந்து சேர்ந்தபோது குழி மூடியாகிவிட்டது. லயமே கூடி நிற்க அம்மா சொன்னார்: "ஊரான் கல்யாணத்துக்கெல்லாம் சத்தம் சேக்குறவனுக்கு அப்பன் கூப்புட்டது கேக்கல." நான் பதில் சொல்லவில்லை. இன்றுவரை சொல்லவில்லை.

அவர் என்ன வாக்குமூலம் கொடுத்தார் என்று எனக்கு எழுத வேண்டாம்.

கஜேந்திரன்

*

ஆனைக்கல்
15.03.2024

அண்ணா,

கார்டை ஒப்படைத்துவிட்டேன். யசோதினி அக்கா நாலைந்தை ஹெட்போனில் கேட்டுவிட்டு "இப்ப சரி" என்றார். ஏப்ரல் நாலாம் திகதி விசாரணை.

இதை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. திங்கட்கிழமை காலை பெரியம்மா தண்ணீர்க் குழாயடியில் விழுந்துவிட்டார். பதுளை ஆஸ்பத்திரியில் இருக்கிறார். வலது கையும் காலும் இழுத்துக்கொண்டது. பேச்சு வரவில்லை. நாம் பேசுவது விளங்குகிறது, தலையாட்டுகிறார். பேசப் பார்க்கிறார், காற்றுத்தான் வருகிறது. பேச்சு திரும்புமா என்று டாக்டரைக் கேட்டேன். "வரலாம். வராமலும் போகலாம்" என்றார்.

விசாரணைக்கு நேரில் வந்து சொல்கிறேன் என்று போன வாரம்தான் சம்மதித்திருந்தார். இப்போது பதினேழாம் துண்டுதான் அவருடைய வாய். நீங்கள் அதைச் சரிசெய்து தந்ததற்கு நன்றி.

வந்து பாருங்கள்.

லதுஷா

*

மொனராகலை
22.03.2024

லதுஷாவுக்கு,

வந்தேன். புதன்கிழமை பகல் பன்னிரண்டரைக்கு வார்டு வாசலில் நின்றேன். அவர் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தார். பக்கத்தில் நீ ஏதோ உரித்துக்கொண்டிருந்தாய். உள்ளே வர இரண்டு எட்டு இருந்திருக்கும். மணி அடித்து எல்லோரையும் வெளியே போகச் சொல்லும் வரைக்கும் அங்கேயே நின்றேன். மணி அடித்ததும், அதுதான் காரணம் என்பது மாதிரி நானும் வெளியே வந்துவிட்டேன்.

கொண்டுவந்த தோடம்பழத்தை நர்ஸ் மிஸ்ஸிடம் கொடுத்தேன். யார் கொடுத்ததென்று கேட்டால் தெரியாது என்று சொல்லச் சொன்னேன். இதை உன்னிடமும் மறைக்கலாம் என்று நினைத்தேன். முடியவில்லை.

கஜேந்திரன்

*

ஆனைக்கல்
05.04.2024

கஜேந்திரன் அண்ணாவுக்கு,

நேற்று நடந்ததை முழுவதும் எழுதுகிறேன்.

பெரிய அறை. மேசைக்கு அந்தப் பக்கம் தலைவரும் இரண்டு பேரும். சிங்களத்தில் பேசுவதைத் தமிழில் சொல்ல ஒருவர். நிர்வாகத்தின் சார்பில் டை கட்டிய ஒருவர் வந்திருந்தார், தமிழ் நன்றாகத் தெரிந்தவர். எங்கள் பக்கத்தில் நானும் இராசையா மாமாவும் இன்னும் ஆறு பேரும். சுவரில் இரண்டு பெரிய ஸ்பீக்கர்.

ஒன்றிலிருந்து பதினாறு வரை போட்டார்கள். எவ்வளவு தெளிவாகக் கேட்டது என்று சொல்ல முடியாது. மாமா என் காதில், "அடியே, நம்ம ஆளுக ரேடியோவுல பேசுற மாதிரி இருக்குடி" என்றார். எனக்குப் பெருமையாக இருந்தது. அதையும் எழுதிவிடுகிறேன்.

பிறகு பதினேழு. பெரியம்மாவின் குரல் அந்த அறை முழுக்க வந்தது. மூன்று வாரமாகக் கேட்காத குரல். "ஊத்துக்கு மேல வெடிச்சிருந்திச்சு. ஏங் கை போற அளவு. நா ஆபீசுக்குப் போயி சின்னத் தொரகிட்ட சொன்னேன். அது வந்து... தீவாளிக்கு முந்தி..." என்று நிறுத்துகிறார். அந்த இடைவெளியில் இன்னொரு குரல், ரகசியமாக: "பத்தாந் திகதி. வெள்ளிக்கிழமைன்னு சொல்லுங்க பெரியம்மா." அடுத்து பெரியம்மா: "பத்தாந் திகதி, வெள்ளிக்கெழம."

டை கட்டியவர் எழுந்து, திரும்பப் போடச் சொன்னார். மூன்று தரம் போட்டார்கள். மூன்று தரமும் நான் என் குரலைக் கேட்டேன். போனில் போட்டுப் பார்த்தபோது அது கேட்டதே இல்லை. நான் அப்படிச் சொன்னதே எனக்கு மறந்துபோயிருந்தது.

"இது யாருடைய குரல்?" என்றார் தலைவர்.

எழுந்து, "என்னுடையது" என்றேன்.

"சாட்சிக்கு நீங்கள் திகதி சொல்லிக் கொடுத்தீர்களா?"

"அவங்களுக்குத் திகதி கணக்கு வராது சார். தீபாவளிக்கு முந்தின வெள்ளிக்கிழமை அவங்க ஆபீசுக்குப் போயிட்டு நேரா முன்பள்ளிக்கு வந்து எங்கிட்ட சொன்னாங்க. பிள்ளைங்க அன்னைக்குத் தீபாவளிக்குக் கடதாசியில விளக்கு வெட்டிக்கிட்டு இருந்தாங்க. அதனால எனக்குத் தெரியும். விசாரணையில திகதி கேப்பாங்கன்னுதான் ஞாபகப்படுத்தினேன்."

மொழிபெயர்ப்பவர் இதை இரண்டே வசனத்தில் சொல்லி முடித்தார். விளக்கு வெட்டியதைச் சொல்லவேயில்லை.

யாரும் துண்டை நிறுத்தவில்லை. அது ஓடிக்கொண்டே இருந்தது. வாக்குமூலம் முடிந்த பிறகும் நான் பதிவை அணைக்காமல் விட்டிருக்கிறேன். அதில் என்ன வந்தது என்று எழுதமாட்டேன். உங்களிடம் இருக்கிறது. கேளுங்கள். அதைக் கேட்டுவிட்டுத்தான் டை கட்டியவர், இதை யார் திருத்தியது என்று கேட்டார். பொய் சொல்ல வரவில்லை. "அவங்க மகன்" என்றேன். "சாட்சியின் மகனே திருத்தினாரா!" என்று தலைவர் பக்கம் திரும்பினார்.

திருத்தாத மூலப் பதிவைத் தாருங்கள் என்றார்கள். அழித்துவிட்டேன் என்றேன். போனைப் பரிசோதிக்க வாங்கி வைத்துக்கொண்டார்கள். சத்தத்தைச் சமப்படுத்தச் சொன்னது உங்கள் ஆபீஸ்தானே என்றேன். எழுத்தில் இருக்கிறதா என்று கேட்டார்கள். யசோதினி அக்கா எழுந்து, "நான்தான் சொன்னனான்" என்றார். உட்காருங்கள் என்று சொல்லிவிட்டார்கள். அவரும் என்ன செய்வார்.

அண்ணா, உங்களிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். அனுப்புவதற்கு முன் அதை ஒரு தரம், ஒரே ஒரு தரம், நீங்கள் கேட்கவில்லையா? கேட்டிருந்தால் என் குரல் கேட்டிருக்குமே. எனக்கு எழுதியிருக்கலாமே. அப்போது பெரியம்மாவுக்குப் பேச்சு இருந்தது. மறுபடி பதிந்திருக்கலாமே.

மூலப் பதிவு எங்கேயாவது இருக்கிறதா? உடனே எழுதுங்கள்.

லதுஷா

*

மொனராகலை
16.04.2024

லதுஷாவுக்கு,

இல்லை.

இரண்டு கேள்விக்கும் அதுதான் பதில். நான் ஒன்றைக்கூடக் கேட்கவில்லை. அலைகளைத் திரையில் பார்த்தேன், எல்லாம் ஒரே உயரத்தில் நின்றன, சேமித்தேன். மற்ற நாற்பதையும் கேட்காததற்கு வேலை அதிகம் என்று சொல்லலாம். பதினேழைக் கேட்காததற்கு அப்படிச் சொல்ல மாட்டேன். எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டால் அதைத் தனியாகத் திறக்க வேண்டியதில்லை என்பது எனக்கு வசதியாக இருந்தது.

மூலப் பதிவும் இல்லை. அதே பெயரில் சேமித்தபோது பழையது போய்விட்டது. வேறு இடத்தில் ஒரு பிரதி எடுத்துவைப்பது இந்தத் தொழிலில் முதல் பாடம். கல்யாணக்காரர்களின் பதிவுக்கு மூன்று பிரதி வைப்பேன். அழிந்ததை மீட்கும் மென்பொருளைப் போட்டு எங்கள் கம்ப்யூட்டர் முழுக்கத் தேடினேன். ஷிராஸ் அண்ணன் மூன்று நாள் கடை வேலையை நிறுத்தி மெஷினை என்னிடம் விட்டார். பதினொரு விநாடி கிடைத்தது. ஒரு நாய் குரைக்கிறது, யாரோ இருமுகிறார்கள். யாருடைய துண்டு என்றுகூடத் தெரியவில்லை.

இப்போது எல்லாவற்றையும் கேட்டுவிட்டேன். கார்டிலிருந்த இரண்டாம் திருத்தம் மெஷினில் இருந்தது. இராசையா மாமா முதல் சொல்லிலிருந்து கடைசி வரை கத்துகிறார். பொன்னையா தாத்தாவைக் கையால் தோண்டி எடுத்தவர் அவர். நான் அவருடைய சத்தத்தைக் குறைத்திருக்கிறேன். அவர் இப்போது கடையில் சாமான் கேட்கிற மாதிரிப் பேசுகிறார். இருபத்தாறில் ஒரு பிள்ளை, புத்தகப் பை போனது என்று மட்டும் சொல்லிவிட்டு நெடுநேரம் சும்மா இருக்கிறது. அந்தச் சும்மா இருக்கும் நேரத்தையும் மென்பொருள் உயர்த்தியிருக்கிறது. காற்று இரைகிறது.

பதினேழை நேற்றுக் கேட்டேன். உன் குரல் நன்றாகக் கேட்கிறது. காது உள்ள யாருக்கும் கேட்கும். முடிவையும் கேட்டேன்.

"நிப்பாட்டிட்டியா?" என்கிறார் அம்மா. நீ ஆமென்கிறாய். "இது சரியா கேக்காட்டி எங்க கஜேந்திரன்கிட்ட அனுப்பு. அவனுக்கு இந்த வேல நல்லாத் தெரியும். நாஞ் சொன்னேன்னு சொல்லாத. சொன்னா செய்யமாட்டான்."

லதுஷா, உன் முதல் கடிதத்தில் நீ இதைச் சொல்லவில்லை. அவர் கேட்டுக்கொண்டபடி நடந்திருக்கிறாய். உன்மேல் குற்றமில்லை. ஆனால் சொல்லியிருந்தால் ஒருவேளை கேட்டிருப்பேன். இல்லை, அதுவும் நிச்சயமில்லை.

குழுவின் தலைவருக்குப் பதிவுத் தபாலில் எழுதியிருக்கிறேன். என்ன செய்தேன், எந்தப் பொத்தானை அழுத்தினேன், சத்தத்தின் அளவு மட்டும்தான் மாறியது, ஒரு சொல்லும் கூடவில்லை குறையவில்லை என்று நாலு பக்கம். நேரில் வந்து செய்துகாட்டுகிறேன் என்றும் எழுதினேன்.

கஜேந்திரன்

*

ஆனைக்கல்
10.05.2024

அண்ணா,

உங்கள் நாலு பக்கத்துக்குப் பதில் வந்ததா? எங்களுக்கு முடிவு வந்துவிட்டது. குரல்களைப் பற்றி ஒரே வரி. அப்படியே எழுதுகிறேன்: "சமர்ப்பிக்கப்பட்ட 41 ஒலிப்பதிவுகளும் மாற்றத்துக்கு உட்படுத்தப்பட்டுள்ளமையால் சாட்சியமாக ஏற்றுக்கொள்ளப்படவில்லை." என் வாய் சேர்ந்தது ஒன்றில்தான். ஆனால் எல்லாம் ஒரே நாளில், சில நிமிஷத்துக்குள் திருத்தப்பட்டவையாம். அதனால் எல்லாம் போயிற்று. பதினான்காம் திகதி அறிவித்தல் கொடுத்ததாக நிர்வாகம் காட்டிய கடிதத்தை ஏற்றுக்கொண்டிருக்கிறார்கள்.

நான்தான் எல்லோருக்கும் வாசித்துக் காட்டினேன். இராசையா மாமா எழுந்து, "நா என்னத்தடி மாத்துனேன்? பொணத்த எடுத்தேன்னு சொன்னேன். அதுல மாத்துறதுக்கு என்னா இருக்கு?" என்று கேட்டார். என்னைத் திட்டியிருந்தால் பரவாயில்லை. கேள்வியாகக் கேட்டார். இரண்டு வீட்டுக்காரர்கள் முன்பள்ளிக்குப் பிள்ளைகளை அனுப்புவதை நிறுத்திவிட்டார்கள்.

இந்த மாதம் முடிவதற்குள் ஃபெக்டரியை விட்டுப் போகச் சொல்லியிருக்கிறார்கள். கூரைத் தகரத்தைக் கழற்றப் போகிறார்களாம். நாலாம் லயத்தில் ஆளில்லாத காம்பராக்களைத் தருகிறார்கள். நாலாம் லயம் எங்கே இருக்கிறது என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அதே மலைதான். மூன்றாம் லயத்து மண்ணுக்கு இந்தப் பக்கம்.

ஆஸ்பத்திரியில் பெரியம்மாவுக்குத் துண்டு வெட்டி வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். தடி பிடித்துப் பத்தடி நடக்கிறார். பேச்சு வரவில்லை. முடிவை வாசித்தபோது அவரும் இருந்தார். வாசித்து முடித்ததும் இடது கையால் என்னைக் கூப்பிட்டு, தாளை வாங்கி, அவருக்கு வாசிக்கத் தெரியாது, நெடுநேரம் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

உங்கள் மேல் எனக்கு இப்போது கோபமில்லை. கோபப்பட்டால் என்மேலும் படவேண்டும், அதற்குத் தெம்பில்லை. வந்து அவரைக் கூட்டிக்கொண்டு போங்கள். அங்கே வீட்டுக்கு மேலே மலை வெடித்து நிற்கவில்லையே.

லதுஷா

*

மொனராகலை
28.05.2024

லதுஷாவுக்கு,

வெசாக் பண்டிகை லீவில் நான் வந்ததையும் தனியாகத் திரும்பியதையும் நீ பார்த்தாய். நீ நாலாம் லயத்துக் காம்பராவுக்கு வெளியே நின்றதால் உள்ளே நடந்தது உனக்குத் தெரியாது.

என்னைக் கண்டதும் அவர் அழுவார் என்று நினைத்தேன். அழவில்லை. சற்று நகர்ந்து பாயில் இடம் விட்டார். உட்கார்ந்தேன். செய்ததையெல்லாம் சொன்னேன். கேட்காமல் விட்டதையும் சொன்னேன். ஆஸ்பத்திரி வாசலில் நின்றதையும் சொன்னேன். கேட்டுக்கொண்டே இருந்தார். நான் என்ன சொன்னாலும் பதில் வராது என்று தெரிந்துகொண்டு பேசுவது எப்படி இருக்கும் தெரியுமா? நாலு வருஷம் அவரை அப்படித்தான் வைத்திருந்தேன்.

"எங்கூட வாங்கம்மா" என்றேன். தலையை ஆட்டவுமில்லை, மறுக்கவுமில்லை. சரி என்று எடுத்துக்கொண்டு அவருடைய சேலைகளைப் பையில் அடுக்கினேன். அடுக்கி முடித்ததும் அவர் எட்டி, இடது கையால் ஒவ்வொன்றாக வெளியே எடுத்துக் கொடியில் போட்டார். ஒரு கையால் சேலையை மடிக்க முடியாது. சுருட்டிச் சுருட்டித்தான் போட்டார். மறுபடி அடுக்கினேன். மறுபடி எடுத்துப் போட்டார். கடைசிப் பஸ்ஸுக்கு நேரமானது.

ஏன் வரமாட்டேன் என்கிறார் என்று எனக்குத் தெரியவில்லை. என்மேல் உள்ள கோபமா, அப்பா அங்கே இருப்பதாலா, மற்றவர்களை விட்டுவர மனமில்லையா. அவரால் சொல்ல முடியாது. நான் ஊகிக்கிறது எதுவாக இருந்தாலும் அது என்னுடைய வாயாகத்தான் இருக்கும்.

தலைவரிடமிருந்து பதில் இல்லை. இன்னொன்று எழுதியிருக்கிறேன். என் புது நம்பரைக் கீழே போட்டிருக்கிறேன். உன் போனை எப்போது திருப்பித் தருவார்கள்?

கஜேந்திரன்

*

நாலாம் லயம், ஆனைக்கல் தோட்டம்,
ஹல்துமுல்லை.
12.06.2024, புதன்கிழமை

கஜேந்திரன் அண்ணாவுக்கு,

போன் இன்னும் வரவில்லை. பக்கத்துக் காம்பராப் போனில் உங்களுக்கு எடுக்கப் பார்த்தேன், இந்தக் காற்று மழைக்கு சிக்னல் கிடையாது. அதனால் எழுதுகிறேன். கவனமாக வாசியுங்கள்.

நேற்று, ஜூன் பதினோராம் திகதி செவ்வாய்க்கிழமை, காலை ஆறரை மணிக்கு, நாலாம் லயத்துக் கடைசிக் காம்பராவின் பின்பக்கம் விறகு எடுக்கப் போனேன். காம்பராச் சுவரிலிருந்து நாற்பது எட்டு வைக்கும் தூரத்தில், பலா மரத்துக்கும் தண்ணீர் பிடிக்கும் பீலிக்கும் நடுவில் நிலம் வெடித்திருக்கிறது. குறுக்கே ஐம்பதடி நீளம் இருக்கும். என் கை முழங்கை வரை உள்ளே போனது. பீலியில் தண்ணீர் செம்மண் நிறத்தில் வருகிறது.

ஏழரைக்கு ஆபீசுக்குப் போய்ச் சொன்னேன். ஐயா இல்லை, எழுதிக் கொடுத்துவிட்டுப் போங்கள் என்றார்கள். அங்கேயே எழுதிக் கொடுத்தேன். பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்துக் கேட்டேன். "அதெல்லாம் ஐயா வந்தாத்தான்" என்றார்கள். பத்து மணிக்கு மறுபடி போனேன். என் கடிதம் மேசையில் இல்லை. எங்கே என்று கேட்டேன். யாருக்கும் தெரியவில்லை. கிராம சேவகரைத் தேடிப் போனேன். அவர் வேறொரு மண்சரிவைப் பார்க்கப் போயிருக்கிறார்.

லயத்தில் சொன்னேன். கொஞ்சப் பேர் வந்து பார்த்தார்கள். "எங்கடி போறது?" என்று கேட்டார்கள். கோவிலில் எட்டுக் குடும்பம்தான் கொள்ளும். சிறு பிள்ளைகள் உள்ளவர்களை அனுப்பிவிட்டோம். பெரியம்மாவைத் தூக்கிக்கொண்டு போக இரண்டு பேர் வந்தார்கள். தன் இடத்தை ஒரு பிள்ளைக்காரிக்குக் கொடுக்கச் சொல்லிக் கையைக் காட்டிவிட்டார். நான் அவருடன் இருக்கிறேன்.

நீங்கள் வருவதானால் வெல்லவாயப் பக்கத்து ரோட்டில் பஸ் ஓடுகிறதா என்று கேட்டுவிட்டு வாருங்கள்.

வந்தாலும் வராவிட்டாலும் இந்தக் கடிதத்தை வைத்திருங்கள். உறையையும் வைத்திருங்கள், தபால் முத்திரையில் திகதி விழும். இதில் எழுத்துப் பிழை இருந்தால் திருத்த வேண்டாம். வேறு தாளில் அழகாக எழுதவும் வேண்டாம். யார் கேட்டாலும் இதையே காட்டுங்கள்.

வெடிப்பை நான் பார்த்தேன். திகதியை எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை.

லதுஷா